ஒரே வீட்டில் மூன்று கன்சியூமர் யூனிட்: அறிக்கையை எப்படி நிரப்புவது?

கேள்வி: கடந்த ஆண்டு மின் பரிசோதனையாளர்களுக்கான சிட்டி அண்டு கில்ட்ஸ் 2391 தேர்வில் தேறி, இப்போது லண்டனில் தனியாகப் பரிசோதனை வேலைகளை எடுத்துச் செய்கிறேன். சென்ற வாரம் வெம்பிளியில் நம் ஊர்க்காரர் ஒருவர் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கு ஈஐசிஆர் (மின் அமைப்பின் நிலை பற்றிய அறிக்கை) எழுதப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு கன்சியூமர் யூனிட் (சர்க்கியூட் சுவிட்சுகள் உள்ள மின்பெட்டி, சுருக்கமாக போர்டு), பின்புறம் கட்டிச் சேர்த்த சமையலறையில் ஒன்று, தோட்டத்துக் கோடியில் உள்ள கராஜில் ஒன்று என மூன்று இருந்தன. நான் பயன்படுத்தும் மென்பொருள் ஒவ்வொரு போர்டுக்கும் தனிப் பக்கம் திறக்கிறது. மூன்று அறிக்கை எழுத வேண்டுமா, ஒன்று போதுமா? இரண்டாவது, மூன்றாவது போர்டுகளில் இசட்-ஈ (வெளி சப்ளையின் எர்த் வளைய எதிர்ப்பு) எடுக்க வேண்டுமா? கராஜில் சாமான்களைப் போட்டுப் பூட்டி வைத்திருப்பதால் அதை விட்டுவிடும்படி வீட்டுக்காரர் சொல்கிறார். அதில் குறை இருந்தால் வீடு முழுவதற்குமே ‘அன்சாட்டிஸ்ஃபாக்டரி’ (திருப்தியற்றது) என்று வந்துவிடுமா? அண்ணா, சற்று விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

அறிக்கை எத்தனை என்பதை மீட்டர் பெட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தெருவிலிருந்து வரும் கேபிள் ஒன்று, கட்-அவுட் ஃபியூஸ் (மின்விநியோக நிறுவனத்தின் முதன்மை ஃபியூஸ்) ஒன்று, மீட்டர் ஒன்று என்றால், அதற்குப் பின்னால் எத்தனை போர்டுகள் தொங்கினாலும் அது ஒரே மின் அமைப்புதான். அதற்கு ஒரே அறிக்கைதான். அதே வீட்டை மேல்மாடி, கீழ்மாடி என இரண்டு ஃபிளாட்டாகப் பிரித்து இரண்டு மீட்டர் வைத்திருந்தால், கூரை ஒன்றாக இருந்தாலும் அறிக்கை இரண்டு. நீங்கள் பார்த்த வீட்டில் மீட்டர் ஒன்று என்றே உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். ஆகவே ஒரு அறிக்கை, அதனுடன் மூன்று சோதனை முடிவுப் பட்டியல்கள். அறிக்கைப் படிவத்தின் பிரிவு எச்-இல் எத்தனை பட்டியல்கள் இணைக்கப்பட்டுள்ளன என்று எண்ணிக்கை கேட்பார்கள். பட்டியல்கள் இணைக்கப்பட்டால்தான் அறிக்கை செல்லும் என்று அந்தப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. மூன்று பக்கத்தை எழுதிவிட்டு எண்ணிக்கையில் ‘1’ என்று விட்டுவிடும் பிழையை நான் சரிபார்க்கும் அறிக்கைகளில் அடிக்கடி காண்கிறேன்.

டெஸ்டரைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் படம் வரைந்துகொள்ளுங்கள். கட்-அவுட்டில் தொடங்கி, மீட்டர், அதன் பிறகு டெயில்கள் (மீட்டரிலிருந்து போர்டுக்குப் போகும் தடித்த கேபிள்கள்) எங்கே போகின்றன, எங்கே பிரிகின்றன, எந்தப் போர்டுக்கு எது ஊட்டுகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். இரண்டாவது போர்டுக்கு மின்சாரம் வரும் வழி பொதுவாக இரண்டில் ஒன்றாக இருக்கும். மீட்டருக்குப் பின்னால் ஹென்லி பிளாக் எனும் இணைப்புப் பெட்டி வைத்து டெயில்களைப் பிரித்திருப்பார்கள். அல்லது முதல் போர்டிலுள்ள ஒரு எம்சிபியிலிருந்து (பழுதில் தானாக விழும் சர்க்கியூட் சுவிட்ச்) கேபிள் இழுத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அறிக்கையில் இரண்டும் வெவ்வேறு இடங்களில் போய் உட்காரும்.

எம்சிபியிலிருந்து போனால், அந்தக் கேபிள் முதல் போர்டின் பட்டியலில் ஒரு சர்க்கியூட்டாக, ‘டிபி2-க்குச் செல்லும் விநியோகச் சர்க்கியூட்’ (டிபி2 என்பது இரண்டாவது போர்டு) என்று பெயரிட்டு, கேபிள் அளவு, எம்சிபி மதிப்பு, இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ், இசட்-எஸ் (அந்த இடம் வரையான மொத்த எர்த் வளைய எதிர்ப்பு) ஆகிய அனைத்துடனும் எழுதப்பட வேண்டும். ஹென்லி பிளாக்கிலிருந்து போனால் அந்த டெயில்கள் எந்தப் போர்டின் பட்டியலிலும் விழாது. இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். இரண்டாவது போர்டின் பட்டியலில் தலைப்பகுதியில் ‘சப்ளை எங்கிருந்து’, ‘விநியோகச் சர்க்கியூட்டின் பாதுகாப்புச் சாதனம், வகை, மதிப்பு’ என்று கட்டங்கள் இருக்கின்றனவே, அவை இதற்காகவே இருப்பவை. ஹென்லி பிளாக்குக்கும் சமையலறைப் போர்டுக்கும் இடையே சுவிட்ச்-ஃபியூஸ் ஏதும் இல்லையென்றால், அந்த நீண்ட டெயிலைக் காப்பது மின்விநியோக நிறுவனத்தின் கட்-அவுட் ஃபியூஸ் மட்டுமே. டெயில் 3 மீட்டரைத் தாண்டினால் இடையில் சுவிட்ச்-ஃபியூஸ் வைக்க வேண்டும் என்பது இங்கே பொதுவாகப் பின்பற்றப்படும் நடைமுறை. பின்கட்டுச் சமையலறை வரை ஓடும் டெயில் 3 மீட்டருக்குள் முடிவது அரிது என்பதால், பலகையைத் தூக்கியாவது அதன் வழித்தடத்தைக் கண்டுபிடியுங்கள்.

போர்டுகளுக்குப் பெயர் வைப்பது சிறிய வேலைதான், ஆனால் அதில்தான் அறிக்கை படிக்கத் தக்கதாகிறது. டிபி1, டிபி2, டிபி3 என்று வைத்தால் அதே பெயரை போர்டின் மூடியிலும் ஒட்டுங்கள். பிரிவு கே-இல் குறையை எழுதும்போது ‘கராஜ் சாக்கெட்டில் ஆர்சிடி இல்லை’ (ஆர்சிடி: எர்த்துக்குக் கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) என்று பொதுவாக எழுதாமல், ‘டிபி3, சர்க்கியூட் 2’ என்று சுட்டுங்கள். ஐந்து ஆண்டு கழித்து வரும் இன்னொருவர் உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களிடம் போன் செய்யாமலேயே அந்த எம்சிபியைத் தொட்டுக் காட்ட முடிய வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட இசட்-ஈ. அது அமைப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை எடுக்கப்படுவது. பிரிவு ஐ-இல் எழுதப்படுவது. இரண்டாவது, மூன்றாவது போர்டுகளுக்கு இசட்-ஈ என்று ஒன்று கிடையாது. அங்கே நீங்கள் எடுப்பது அந்தப் போர்டின் இசட்-எஸ், அதாவது வழக்கில் இசட்-டிபி என்று நாம் சொல்வது. உதாரணத்துக்கு, மாடிப்படிக்கு அடியில் இசட்-ஈ 0.21 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 10 சதுர மில்லிமீட்டர் டுவின் அண்டு எர்த் கேபிள் 12 மீட்டர் ஓடிச் சமையலறைக்கு வந்தால், அதன் ஆர்1+ஆர்2 (லைன், எர்த் கம்பிகளின் கூட்டு எதிர்ப்பு) ஏறத்தாழ 0.08 ஓம் வரும், டிபி2-இல் 0.29 ஓம் கிடைக்க வேண்டும். அங்குள்ள சாக்கெட் ரிங் சர்க்கியூட்டின் ஆர்1+ஆர்2 0.40 என்றால் கடைசி இசட்-எஸ் 0.69. 32 ஆம்பியர் பி வகை எம்சிபிக்கு அனுமதிக்கப்படும் உச்சம் 1.37 ஓம், குளிர்ந்த நிலையில் அளந்ததோடு ஒப்பிட அதன் 80 விழுக்காடான 1.10 ஓம் என்பதால் இது நன்றாகவே தேறுகிறது. இந்த எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டே போக வேண்டும். டிபி2-இன் எண் டிபி1-இன் எண்ணைவிடக் குறைவாக இருந்தால், ஒன்று எங்கோ வேறு எர்த் பாதை இருக்கிறது, அல்லது நீங்கள் வரைந்த படம் தவறு. சமையலறையில் தண்ணீர்க் குழாயும் எரிவாயுக் குழாயும் உலோகமாக இருந்து எர்த்தோடு பாண்டிங் செய்யப்பட்டிருந்தால் இந்த இன்னொரு எர்த் பாதை அடிக்கடி தலைகாட்டும்.

ஐபிஎஃப் எனப்படும் சாத்தியப் பழுது மின்னோட்டம் இதற்கு நேர்மாறானது. போர்டுக்குப் போர்டு இறங்கும். லைன்-நியூட்ரல், லைன்-எர்த் இரண்டையும் அளந்து பெரியதை எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மேலே சொன்ன உதாரணத்தில் டிபி1-இல் 1.1 கிலோ ஆம்பியர் வந்தால், டிபி2-இல் 0.9 அளவில் வரும். டிபி1-இன் எண்ணையே மூன்று பக்கத்திலும் நகலெடுத்து ஒட்டியிருந்தால், அந்த ஆள் கராஜுக்குப் போகவேயில்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிடும்.

இசட்-ஈ எடுக்கும் இடத்தில்தான் பல போர்டு வீடுகள் ஆபத்தானவை. இதை மட்டும் சற்று நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். அந்தச் சோதனைக்கு மெயின் எர்த் கண்டக்டரை டெர்மினலிலிருந்து கழற்றுகிறோம். கழற்றிய நொடியிலிருந்து அந்த வீட்டுக்கு எர்த் இல்லை. ஒரே போர்டு உள்ள வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் கவலையில்லை; ஆனால் டெயில்கள் ஹென்லி பிளாக்கில் பிரிந்திருக்கும் வீட்டில் ஒரு மெயின் சுவிட்சை அணைத்தால் மற்றது உயிரோடுதான் இருக்கும். என் தொடக்க காலத்தில் ஒரு வீட்டில், கூடத்துப் போர்டை அணைத்துப் பூட்டி, எர்த்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தபோது, மேல்மாடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யாரோ குளிக்கிறார்கள் என்று முதலில் பேசாமல் இருந்தேன். அப்புறம்தான், பாய்லரும் அணைந்திருக்கும்போது வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்று உறைத்தது. மேல்மாடி அலமாரிக்குள், துணிகளுக்குப் பின்னால், மின்சார ஷவருக்கென்றே ஒரு சிறிய போர்டு இருந்தது. எர்த் இல்லாத வீட்டில் ஒருவர் மின்சார ஷவரின் கீழே நின்றுகொண்டிருந்தார். ஸ்குரூ டிரைவர் நடுங்க எர்த்தைத் திரும்ப மாட்டிய பிறகே மூச்சு வந்தது. அன்றிலிருந்து, மீட்டருக்குப் பின்னால் உள்ள அத்தனை மெயின் சுவிட்சுகளையும் எண்ணி, அணைத்து, பூட்டுப் போட்டு, ஒவ்வொரு போர்டிலும் மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே எர்த்தைத் தொடுகிறேன். ஒரு போர்டை அணைத்தால் மற்றவை அணையாது என்று எச்சரிக்கும் ஒட்டுத்தாள் இல்லாத வீடுகளில் அதை நானே எழுதி ஒட்டிவிட்டு, பிரிவு கே-இல் சி3 என்றும் (சி1 உடனடி ஆபத்து, சி2 ஆபத்தாகக் கூடியது, சி3 மேம்படுத்தப் பரிந்துரை) குறிக்கிறேன்.

சேமிப்பு ஹீட்டர்கள் உள்ள பழைய ஃபிளாட்டுகளில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. எகானமி 7 எனும் மலிவான இரவுக் கட்டணத்துக்கென்று தனிப் போர்டு வைத்திருப்பார்கள். அது பகலில் செத்துக் கிடக்கும், இரவில் உயிர் பெறும். பகலில் டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று கண்டதால் மட்டும் அது அணைக்கப்பட்டதாகாது. அந்தப் போர்டில், மின்சாரம் இருக்கும்போது செய்யும் உயிரோட்டச் சோதனைகளைச் செய்ய முடியாமல் போனால், காரணத்துடன், வரம்புகளுக்குரிய பிரிவு டி-இல் எழுதுங்கள். கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

கராஜுக்கு வருவோம். அதன் எர்த் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். வீட்டின் சப்ளை டிஎன்-சி-எஸ் (எர்த்தை விநியோக நிறுவனமே தரும் முறை) ஆக இருக்கலாம். ஆனால் தோட்டத்துக் கோடியில் மண்ணில் ஒரு செம்புத் தண்டு நட்டு, கராஜை மட்டும் டிடி (சொந்த எர்த் தண்டு முறை) ஆக்கியிருக்கலாம். அப்படியானால் பிரிவு ஐ-இல் டிடி என்று டிக் போடாதீர்கள். அங்கே கேட்பது தொடக்கத்தின் எர்த் முறையை மட்டுமே. தண்டின் வகை, இடம், எதிர்ப்பு ஆகியவற்றைப் பிரிவு ஜே-இல் உள்ள எர்த் எலக்ட்ரோடு கட்டங்களில், ‘டிபி3-க்கு மட்டும்’ என்ற குறிப்போடு எழுதுங்கள். டிபி3-இன் பட்டியலில் இசட்-டிபி 85 ஓம் என்று வந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடிக்கு 1667 ஓம் வரை கணக்கில் இடமுண்டு. 200 ஓமைத் தாண்டினால் கோடையில் மண் காயும்போது நிலைக்காமல் போகலாம் என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 85 ஓமில் எர்த் பழுது ஏற்பட்டால் 3 ஆம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடும். எந்த எம்சிபியும் அதற்கு அசையாது. அங்கே உயிரைக் காப்பது ஆர்சிடி மட்டுமே என்பதால் அந்தச் சோதனையைக் கண்துடைப்பாகச் செய்யக் கூடாது. வீட்டிலிருந்து வரும் ஆர்மர்டு கேபிளின் இரும்புக் கவசம் கராஜ் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்றும் மூடியைத் திறந்து பாருங்கள். தண்டையும் நட்டு, வீட்டு எர்த்தையும் விடாமல் பிடித்து, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கராஜுகள் இந்த ஊரில் நிறைய உண்டு. அப்படிச் சேர்ந்திருந்தால் நீங்கள் அளக்கும் 0.4 ஓம் தண்டினுடையது அல்ல.

ஆர்சிடி நேரத்தை அளக்கும்போது எது விழுகிறது என்று காதால் கேளுங்கள். டிபி1-இன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி பக்கத்திலிருந்து டிபி3-க்குக் கேபிள் போயிருந்து, டிபி3-இலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி இருந்தால், கராஜில் நீங்கள் பொத்தானை அழுத்தும்போது மாடிப்படிக்குக் கீழே உள்ளது முந்திக்கொண்டு விழலாம். டெஸ்டர் காட்டும் 24 மில்லி செக்கண்டு அப்போது எந்த ஆர்சிடிக்கு உரியது? வயரிங் விதிகளுக்கு (பிஎஸ் 7671) 2022-இல் வந்த இரண்டாம் திருத்தத்துக்குப் பிறகு, தாமதம் இல்லாத ஆர்சிடியை அதன் மதிப்பு மின்னோட்டத்தில் சோதித்து 300 மில்லி செக்கண்டுக்குள் விழுகிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் சரியான ஆர்சிடியைத்தான் சோதித்தோம் என்பது உறுதியாக இருக்க வேண்டும். இப்படி ஒன்றன்கீழ் ஒன்று வைத்திருப்பதற்கு என் வழக்கம் சி3. கராஜில் நனைந்த விளக்கு ஒன்று வீட்டு ஃபிரிட்ஜையும் அணைத்துவிடும் என்பது வீட்டுக்காரருக்கு எளிதில் புரியும் விளக்கம்.

பழைய வீட்டில் போர்டுகள் பெருகியிருக்கும்போது நான் தவறாமல் தேடும் இன்னொன்று, கடன் வாங்கிய நியூட்ரல். மாடிப்படி விளக்கின் டூ-வே சுவிட்சுக்கு லைனை ஒரு சர்க்கியூட்டிலும் நியூட்ரலை மற்றொன்றிலும் எடுத்திருப்பார்கள். எல்லாம் ஒரே போர்டில் இருந்த காலத்தில் அது வெளியே தெரியாது. மேல்மாடியைப் புதிய போர்டுக்கு மாற்றியதும் ஆர்சிடி காரணமில்லாமல் விழத் தொடங்கும். அதைவிட மோசமானது, ஒரு போர்டை அணைத்துவிட்டு நியூட்ரலைக் கழற்றும் எலக்ட்ரீஷியனுக்கு அந்த நியூட்ரலிலிருந்தே அதிர்ச்சி கிடைக்கும் என்பது. இதை நான் சி2 என்றே குறிக்கிறேன்.

பார்வைப் பரிசோதனைப் பட்டியலில் 4-ஆம் பகுதி கன்சியூமர் யூனிட்டுகளுக்கு உரியது. மூன்று போர்டும் ஒரே வகையாக இல்லையென்றால், ஒரே வரியில் மூன்றுக்கும் சேர்த்து டிக் போடுவது பொய்யாகிவிடும். மென்பொருள் தனிப் பக்கம் தந்தால் தனியாக நிரப்புங்கள்; தராவிட்டால் மூன்றிலும் மோசமான நிலைக்குரிய குறியீட்டைப் போட்டு, எந்தப் போர்டு என்பதைப் பிரிவு கே-இல் சொல்லுங்கள்.

ஒரு போர்டின் குறை முழு அறிக்கையையும் பாதிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். பாதிக்கும். பிரிவு ஈ-இல் முடிவு ஒன்றே ஒன்றுதான். எங்கேயாவது ஒரு சி1, சி2, அல்லது எஃப்ஐ (மேலும் விசாரணை தேவை) இருந்தால் முழு அறிக்கையும் அன்சாட்டிஸ்ஃபாக்டரி. கராஜ் சாக்கெட்டிலிருந்து வெளியே புல்வெட்டும் இயந்திரம் ஓட்ட வாய்ப்பிருந்து ஆர்சிடி இல்லையென்றால் அது சி2. வீட்டுக்குள் எல்லாம் புதிதாக மின்னினாலும் அது மாறாது. வீட்டுக்கு ஒன்று, கராஜுக்கு ஒன்று என இரண்டு அறிக்கை கேட்டு, நல்லதை மட்டும் வாடகைக்காரரிடம் கொடுக்கும் யோசனையை உங்கள் வீட்டுக்காரரும் ஒருநாள் முன்வைப்பார். அதற்கு நீங்கள் உடன்பட வேண்டாம்.

கராஜை விட்டுவிடும்படி அவர் கேட்பதற்கு நேர்மையான வழிகள் இரண்டு இருக்கின்றன. வாடகை ஒப்பந்தத்தில் கராஜ் சேரவில்லை, வாடகைக்காரரிடம் சாவி இல்லை என்றால், பிரிவு டி-இல் ‘டிபி3-உம் அதன் சர்க்கியூட்டுகளும் பரிசோதிக்கப்படவில்லை’ என்று எழுதி, காரணத்தையும் யாருடன் ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதையும் அவர் பெயரோடு குறிக்கலாம். அப்போதும் டிபி1-இலிருந்து அங்கே போகும் விநியோகச் சர்க்கியூட்டை உங்களால் விட்டுவிட முடியாது, ஏனெனில் அது வீட்டுப் போர்டில் தொடங்குகிறது. மற்ற வழி, கராஜுக்கு மின்சாரமே தேவையில்லை என்று அவர் சொன்னால், அந்தக் கேபிளை டிபி1-இல் கழற்றி, முனைகளைப் பாதுகாப்பாக மூடி, பெயர் எழுதி ஒட்டி, அப்படியே அறிக்கையிலும் பதிவது. ஒப்பந்தத்தில் கராஜ் இருந்தால் இந்த முதல் வழி அடைபட்டுவிடும். சாமான்களை நகர்த்தச் சொல்லி இன்னொரு நாள் போங்கள். உள்ளே போக முடியாததற்கு எஃப்ஐ போடுவோரும் உண்டு, அது தவறு. எஃப்ஐ என்பது, கண்ணுக்குத் தென்பட்ட ஒன்று சி1 அல்லது சி2 ஆக முடியலாம் என்ற சந்தேகம் வரும்போது போடுவது. பார்க்க முடியாதது வெறும் வரம்பு.

இது இங்கிலாந்தில் வாடகை வீடு என்பதால், 2020-ஆம் ஆண்டின் தனியார் வாடகை வீட்டு மின் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அவரைக் கட்டுப்படுத்துகின்றன. பரிசோதனை அதிகபட்சம் 5 ஆண்டுக்கு ஒரு முறை. அறிக்கையின் பிரதி வாடகைக்காரருக்கு 28 நாளுக்குள். சி1, சி2, எஃப்ஐ இருந்தால் திருத்த வேலை 28 நாளுக்குள், அல்லது நீங்கள் அறிக்கையில் அதைவிடக் குறுகிய காலம் எழுதியிருந்தால் அதற்குள். சி1 கண்டால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல், அவர் அனுமதியோடு அந்த இடத்திலேயே ஆபத்தை நீக்குங்கள். அன்சாட்டிஸ்ஃபாக்டரி என்று வந்தவுடன் முழுவதும் மறுபடி எழுத வேண்டும் என்று பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள், அது தேவையில்லை. கராஜில் ஆர்சிடி போட்டுச் சரிசெய்த பிறகு அந்த வேலைக்குரிய சான்றிதழை, பழைய அறிக்கையின் எண்ணையும் ‘டிபி3, சர்க்கியூட் 2’ என்ற குறிப்பையும் சுட்டி எழுதி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். ஊர்க்காரரிடம் கறாராகப் பேசுவது சங்கடம்தான். இந்தக் கடைசி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் அவருடைய பதற்றமும் பாதி குறையும்.

கட்டணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அடுத்த முறை போனில் விலை பேசும்போது, எத்தனை அறை என்று கேட்காமல், எத்தனை போர்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை சுவிட்ச் என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அலமாரிக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள்.